டெலானிபூரில் ஓர் இடம்

கேம்பல் பே
4-7-1971

அன்புள்ள நீலா,

இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். ஜஹாஜில் அலை ஆட்டத்தில் வாந்தி எடுத்தே பாதி செத்தேன். பட்டாளத்துக்காரர்களுக்கு வீடு கட்டும் இடத்தில் அப்பாவுக்குத் தச்சு வேலை. எங்களுக்குத் தகரக் கொட்டகை. என் வயதில் பேச ஒரு பெண் கிடையாது. உன்னோடு சண்டை போடாமல் நாக்கு துருப்பிடித்துக் கிடக்கிறது.

இங்கே பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. நான் பத்தாவது முடித்தாக வேண்டும், நீலா. உங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு மூலை கிடைக்குமா? உங்கம்மாவிடம் கேள். நான் எப்போதும் முதல் ராங்க், நீ இரண்டாவது என்ற கோபத்தை மறந்துவிட்டுக் கேள்.

உன்,
செலின்

டெலானிபூர்
26-7-1971

அடி செலின்,

அம்மா சரி என்றுவிட்டாள். முதலில் முகத்தைச் சுளித்தாள். நீ நன்றாகப் பாத்திரம் தேய்ப்பாய், மாவு அரைப்பாய் என்று சொல்லிவைத்தேன். உடனே, "வரட்டும்டி, வீட்டு வேலைக்கு நௌக்ரானி வேற தேட வேண்டாம்" என்றாள். என் சாமர்த்தியத்தைப் பார்த்தாயா? பின்கட்டில் படுத்துக்கொள்ளலாம்.

இந்த மாதப் பரீட்சையில் நான்தான் முதல். வயிறெரிய ஆளில்லாமல் சப்பென்றிருக்கிறது. சீக்கிரம் கப்பல் ஏறு.

உன்,
நீலா

கேம்பல் பே
15-8-1971

நீலா,

நல்ல செய்தி என்று நினைத்து உன் கடிதத்தை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்தேன். பாதியில் நிறுத்தத் தெரியவில்லை. அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டு, "அங்க போயித்தான் படிக்கணுமாம்மா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலை செய்ய வெட்கமில்லை. ஆனால் நான் உன்னை முந்திவிட்டால், அன்று இரவு உங்கம்மா எனக்குச் சோறு போடுவார்களா?

செலின்

டெலானிபூர்
9-9-1971

அன்புள்ள செலின்,

என் தட்டை நானே கழுவிக்கொள்கிறேன். அம்மாவுக்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன். பரீட்சையில் ஒரு கணக்கை மட்டும் எழுதாமல் விட்டுவிடேன். இரண்டாவதாக வந்தால் அம்மா உன்னைத் தங்கமாக வைத்துக்கொள்வாள். யார் முதல் என்று நம் இருவருக்கும் தெரிந்தால் போதாதா? மத்தியானம் தனியாகச் சாப்பிட முடியவில்லை. வந்துவிடுடி.

உன்,
நீலா

கேம்பல் பே
3-10-1971

அன்புள்ள நீலாவதிக்கு,

உன் யோசனையைப் பற்றிப் பல நாள் நினைத்துப் பார்த்தேன். படிப்பு வேண்டும் என்பதால் சரி சொல்லவும் துணிந்தேன். எந்தக் கணக்கை விடுவது என்று நினைத்தபோது உன்மேல் வெறுப்பு வந்தது. இங்கிருக்கும் ஒரே ஆறுதல் நீதான். உன்னை வெறுத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார என்னால் ஆகாது. அப்பாவுக்கு இழைப்பு வேலையில் ஒத்தாசை செய்கிறேன். இனி எழுத வேண்டாம்.

நீதான் இனி முதலாவதாக வருவாய். வரும்போதெல்லாம் நினைத்துக்கொள், செலின் விட்டுக்கொடுக்கவில்லை. செலின் அங்கே இல்லை.

இப்படிக்கு,
அ. செலின்