வழிகாட்டியவர் என்ற கட்டம்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

இன்றைக்கு எனக்கு எழுபத்தெட்டு வயதும் மூன்று மாதமும் இரண்டு நாளும். இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நான் புள்ளியியல் படித்தவள். தோராயமாகச் சொல்வது சுனிதாவின் இலாகா.

சுனிதா என் அண்ணன் மகன் சுனில்குமாரின் மனைவி. இந்த வீட்டில் நாங்கள் மூவர். மதியம் நான் கண்ணயரும்போது அவள் இந்த நாட்குறிப்பை எடுத்து வாசிக்கிறாள். போன வாரம் ஒரு பக்கத்தில் மஞ்சள்பொடி ஒட்டியிருந்தது. ஆகையால் சில விஷயங்களை நான் இதில்கூட எழுதுவதில்லை. வணக்கம், சுனிதா.

காலையில் லேகா என்றொரு பெண் வந்தாள். வெள்ளறடை ஊர்க்காரி. நான் படித்த கல்லூரியில், நான் படித்த துறையில், நிரந்தரமில்லாத ஆசிரியை.

“ஓணத்துக்கு முன்னே துறையப் பரிசோதிக்க ஒரு குழு வருவினும், அம்மா. இங்க படிச்சவங்க எந்த வழியில எங்க போய்ச் சேர்ந்தாங்கன்னு ஒரு வரைபடம் காட்டணும். படிச்ச பாடத்த வெச்சே பிழைச்ச ஒரு ஆளாவது அதுல வேணும். இல்லேன்னா துறைய மூடிப்போடுவினும்.”

“மூடினால் உனக்கென்ன?”

“எனக்கா? அப்பாக்க கூட மரச்சீனிக் கிழங்கு நடப் போவேன்.”

துறை தொடங்கிய முதல் ஆண்டில் சேர்ந்தவர்களில் உயிரோடும் புத்தியோடும் மிஞ்சியிருப்பவர்கள் நானும் என் தோழி சரோஜமும்தான். ஆகவே ஆட்களைக் கண்டுபிடிக்க நான் துணை. என் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று கேட்டாள். வீட்டில் இருந்தேன் என்றேன். ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டாள். கல்யாணமே செய்துகொள்ளாதவளுக்கு அரசிப் பட்டம்.

ஆகஸ்ட் 6, புதன்

பிஜுவின் ஆட்டோவில் புறப்பட்டோம். பாறசாலை வரும்வரை அவனும் இதே துறையில் பட்டம் பெற்றவன் என்று லேகாவுக்குத் தெரியாது. தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவன் பார்க்கும் வேலை நினைவுக்கு வந்ததும் வாடியது.

“இவரைப் போக்குவரத்து ஆய்வாளர்னு போடலாமா, அம்மா?”

“குழுத் தலைவர் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தால் இவன்தான் வருவான்,” என்றேன்.

“ஆட்டோ ஓட்டுதான்னே போடுங்க டீச்சரே,” என்றான் பிஜு. “ஆய்வாளர்னு போட்டா எனக்கு எவன் பெண்ணு தருவான்? நம்மை ஆய்வு செய்வானோன்னு பேடிச்சுப் போவான்.”

ஆகஸ்ட் 9, சனி

அனில்குமார் எனக்குப் பல ஆண்டுகள் பின்னால் படித்தவர். மஸ்கட்டில் இருந்து திரும்பி, இப்போது நெய்யாற்றின்கரையில் பளிங்குக்கல் வியாபாரம். லேகாவின் வரைபடத்தில் கடைசிக் கட்டம் ‘வழிகாட்டியவர்’. பேராசிரியரா, தகப்பனாரா என்று கேட்டாள்.

“கிழக்கேவிளைப் பணிக்கர்,” என்றார் அனில்குமார்.

லேகா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தாள். அவர் விளக்கினார். நாகர்கோவிலில் அச்சாகி ஒரு வார இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் பணிக்கர் ராசிபலன் எழுதினார். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும். களியக்காவிளையில் காத்து நின்று வாங்குவார்களாம்.

“துலாத்துக்குக் கடல் கடந்த வேலை கைகூடும்னு போட்டிருந்தாரு. அன்னைக்கே பாஸ்போர்ட்டுக்கு ஓடினேன். சொன்னது சொன்னபடி நடந்தது ஆக்கும்.”

நான் சர்க்கரை போடாத தேநீர் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடியும் நேரம் பார்த்துச் சரோஜத்தின் வீட்டுக்குப் போனோம். அவள் தம்பி எலியாவும் எங்கள் துறைதான். துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவன். சபைக் கமிட்டியில் முப்பது வருடமாக அசையாமல் இருக்கிறான். வழிகாட்டியவர் யார் என்று கேட்டதும் அடுக்களைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

“பணிக்கர்னு போடு மோளே. சின்னதா எழுது.”

சபைப் பத்திரிகைக்கு நடுவே அந்த இதழை ஒளித்து வைத்து வாசித்தானாம். ஒரு தடவை கள்ளப் பெயரில் தபால் அட்டையே போட்டிருக்கிறான். ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு ராசி உண்டுமா என்று. ‘கேட்கிறவருக்கு உண்டு’ என்று பதில் வந்ததாம்.

“என்ன ராசி?” என்றேன்.

“விருச்சிகம்.” ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

சரோஜம் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். “ஏட்டி கல்யாணி, கேட்டியா? மீன் பொரிச்சதைத்தான் இவன் ஒளிச்சு வெப்பான்னு இத்தன காலம் நெனச்சேன்.”

ஆகஸ்ட் 14, வியாழன்

லேகா வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். பட்டத்தில் இருந்து புறப்பட்ட அம்புகள் மஸ்கட்டுக்கும் வங்கிக்கும் ரெவின்யூவுக்கும் மருந்துக் கம்பெனிக்கும் கல்யாணத்துக்கும் பாய்கின்றன. புள்ளியியலுக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை. வயதில் மூத்தவர்களில் பாதிப்பேருக்கு வழிகாட்டியவர் பணிக்கர்.

“இத எப்படி அம்மா காட்டுவேன்? புள்ளியியல் படிச்ச ஆளுகளுக்கு சோசியர் வழி காட்டினாருன்னு பார்த்தா, குழு சாயா குடிக்கதுக்கு முன்னேயே பூட்டிப்போடும்.”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுனிதா அங்கிருந்தே சொன்னாள்: “அத்தையிட்ட சோசியர் பேச்சே எடுக்காதிய. வாற சோசியரை எல்லாம் கேட்டுக்கு வெளியே நிறுத்தித் திருப்பி அனுப்புவா. எனக்க கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கவே விடல்ல.”

“பார்க்காமல் என்ன குறைந்துபோயிற்று?”

“அதத்தான் இன்னும் யோசிக்கேன்.”

இந்தப் பெண்ணை நான் அவ்வப்போது குறைத்து மதிப்பிட்டுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. கொசு என்று சுனிதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

லேகா தொலைபேசியில் பேசினாள். வெறுங்கையோடு குழுவின் முன் நிற்கப் போகிறாளாம். பொய் எழுத மனம் வரவில்லை; உண்மையை எழுதினால் எழுதிய கையோடு வேலை போகும். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும், விட்டிருப்பேன்.

என்னிடம் இழக்க என்ன இருக்கிறது? ஒரு பெயர். எதையும் நம்பாதவள், எவனிடமும் கைநீட்டிப் பலன் கேட்காதவள் என்று இந்த ஊர் கொடுத்த பெயர். அதை வைத்துத்தான் இத்தனை பேரை வாயடைத்திருக்கிறேன். அது போனால்? போனால் போகட்டும் என்று ஒரு மனம். போகவா, இந்த வயசில என்னத்துக்கு எனக்கு இந்தக் கூத்து என்று இன்னொரு மனம் —

அந்த இன்னொரு மனம் சுனிதாவின் குரலில் பேசுகிறது. ஆகவே அதற்கு எதிராகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பழைய மாணவர்கள் வரிசையில் எலியாவும் அனில்குமாரும் இருந்தார்கள். பிஜு கதவருகே நின்றான். லேகா வரைபடத்தைத் தொங்கவிட்டுவிட்டுப் பேச வாயெடுத்தாள். அதற்குள் எழுந்து, என் பெயருக்கு நேரே ஒரு பிழை இருக்கிறது, நானே திருத்துகிறேன் என்றேன்.

திருத்தினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. பண்டிகைக் காலத்தில் சுனிதாவுக்கும் ஒரு வேலை வேண்டும்.

எழுதக்கூடியவை இவ்வளவே. எலியாவின் கையில் இருந்த பாதி கடித்த பழம்பொரி மடியில் விழுந்தது. அனில்குமார் கைவிரல்களை மடக்கி ஏதோ ஆண்டுக் கணக்குப் பார்த்தார். திருவனந்தபுரத்தில் இருந்து வந்த குழுத் தலைவர், உதட்டில் சிரிப்போடு கேட்கத் தொடங்கி, பிறகு சிரிப்பை மறந்து, என் முறைகளைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார். எல்லோருடைய தேநீரும் ஆறிப்போயிற்று. வாசலில் விடைபெறும்போது குரலைத் தாழ்த்தித் தமது ராசி மகரம் என்றார். ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன்.

பிஜு வழியெல்லாம் சிரித்தான். வாயைத் திறந்தால் அவன் கட்டத்தில் ‘போக்குவரத்து ஆய்வாளர்’ என்று எழுதவைப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

லேகா ஒரு மூட்டை மரச்சீனியோடு வந்தாள். துறை இருக்கும். அவளும் இருப்பாள். வழிகாட்டியவர் கட்டத்தில் பணிக்கரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அந்த ஆளும் உழைத்திருக்கிறார் என்றேன்.

மஸ்கட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை என்று அனில்குமார் சொல்லி அனுப்பியிருக்கிறார். எலியா இன்னும் என்னோடு பேசவில்லை. தன் நன்மைக்காக வேறு யாரோடும் அதைப் பேசமாட்டான்.

செப்டம்பர் 5, வெள்ளி, திருவோணம்

சுனிதா இலையில் பருப்பும் நெய்யும் விளம்பினாள். எனக்கு மட்டும் பப்படம் இரண்டு. லஞ்சம்.

“அத்தை, அன்னைக்குக் குழுவிட்ட என்ன சொன்னிய? பிஜுக்கிட்ட கேட்டா ஓடுகான். பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல்ல.”

அவள் இலையைப் பார்த்தேன். இறங்கியிருந்தது. ஆனாலும் ஓணம்.

சரி, வாசித்துக்கொள். எம்.எஸ்ஸி. முடித்தபின் எனக்கு வந்த ஒரே வேலை என் பேராசிரியர் சொல்லி வந்தது. பெண் பெயரில் போட்டால் ஒருவனும் வாசிக்கமாட்டான் என்றார் அந்த நாகர்கோவில் வார இதழின் ஆசிரியர். பெயரை நானே வைத்தேன். வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் மாதம், பி.எஸ்.சி. வேலை அறிவிப்பு வரும் காலம், மழை, ரப்பர் விலை, பரீட்சை, கல்யாண மாதம் எல்லாவற்றையும் பார்த்து, பெரும்பாலோருக்கு அந்த வாரம் நடக்கக்கூடியதைப் பன்னிரண்டாகப் பிரித்து எழுதினேன். பலித்ததா என்று வாசகர்கள் அட்டை போடுவார்கள். அதை வைத்து அடுத்த மாதத்தைத் திருத்துவேன். கோள்களை ஒரு நாளும் தொந்தரவு செய்ததில்லை.

லேகாவின் வரைபடத்தில் இப்போது ஒரே ஒரு அம்பு புள்ளியியலுக்குத் திரும்பி வருகிறது. ‘கல்யாணசுந்தரி. படித்த துறையிலேயே பதினெட்டு ஆண்டுப் பணி.’

நீ கன்னி ராசி அல்லவா, சுனிதா? இந்த வாரம்: பிறர் எழுதியதை ஒளிந்து வாசிக்கும் பழக்கத்தால் வெகுநாள் சந்தேகம் தீரும். கைகழுவிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவது நலம்.

— கிழக்கேவிளைப் பணிக்கர்