கம்பளி அடுக்கிய அறை

ஜனவரி 20, திங்கள்

கொழும்பிலிருந்து இசையமைப்பாளர் யோகேஸ்வரன் அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அவருடைய புதுப் பாட்டுக்கு என் குரல் பிடித்திருக்கிறதாம்! ஆனால் நான் அனுப்பிய பதிவு? "பூரணி தங்கச்சி, தண்ணி டேங்குக்குள்ள நின்னு பாடுன மாதிரி இருக்கு. எதிரொலி இல்லாம ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்புங்க. இல்லாட்டி வேற ஆளத்தான் பாக்கணும்."

வேற ஆளா? கோயில் பஜனையைத் தாண்டாதவளுக்கு முதல் தடவையாக ஒருவர் பாட்டுத் தருகிறார். அதை இந்தப் படுக்கையறையா கெடுப்பது! டைல் தரை, மொட்டைச் சுவர். கை தட்டினால் நாலு பேர் சேர்ந்து தட்டுகிறார்கள்.

ஜனவரி 22, புதன்

முட்டை அட்டைதான் மருந்து என்று யூடியூப்பில் ஒருவன் சொன்னான். பேக்கரியில் வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினேன். எதிரொலி அப்படியே இருக்கிறது, நாற்றம்தான் புதிது. "இனி கோழி மட்டுந்தான் பாக்கி" என்கிறார் என் வீட்டுக்காரர் கஜேந்திரன். சிரிப்பைப் பார்!

ஜனவரி 23, வியாழன்

எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன். பெயிண்ட்டும் சேர்ந்து வந்தது.

ஜனவரி 24, வெள்ளி

ஹட்டனில் விடாத மழை. கீழே எங்கள் கடைக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் ஒழுகுகிறது. மாமா, அதாவது இவருடைய அப்பா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கம்பளிக் கட்டுகளையெல்லாம் மாடிக்கு ஏற்றி, எங்கள் கட்டிலைச் சுற்றிக் கூரைவரை அடுக்கிவிட்டார். வந்ததே கோபம்! "இது ரூமா, குடோனாங்க?" என்று இவரிடம் கத்தினேன்.

கத்திய பிறகுதான் — இரு, என் சத்தம் எங்கே போனது?

கை தட்டினேன். டப். அவ்வளவுதான். மறுபடி தட்டினேன். டப்! முருகா! கம்பளி சத்தத்தை அப்படியே விழுங்குகிறது. நான் குதித்த குதியில் இவர் பயந்தே போனார்.

ஜனவரி 25, சனி

பல்லவியும் முதல் சரணமும் முடிந்தது. கேட்டால் நான்தானா என்று இருக்கிறது. மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாக விழுகிறது.

ஆனால் இது சிவனொளிபாதமலை சீசன். மலையேறப் போகிறவர்கள் குளிருக்குக் கம்பளி கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். மாமா கதவைத் தட்டித் தட்டி எடுத்துப் போகிறார். ஒரு பக்கம் சுவர் தெரிந்துவிட்டது, எதிரொலியும் எட்டிப் பார்க்கிறது. "மாமா, நாளைக்கு மட்டும் விட்டுருங்க" என்றேன். "சீசன்ல விக்காம, வெசாக்கோட சீசன் முடிஞ்ச அப்புறமாம்மா விக்கிறது?" என்றார். அவர் சொல்வதும் சரிதான். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

கடைசிச் சரணம் பாக்கி. மைக் முன்னால் நிற்கும்போது கீழே மஸ்கெலியாக் கடைக்காரர் செல்லசாமியின் குரல். இருக்கிற கம்பளி அத்தனையும் வேண்டுமாம். போச்சு, எல்லாம் போச்சு என்று ஹெட்போனைக் கழற்றினேன்.

"கம்பளி இல்லைங்க" என்றார் மாமா.

சாமான் தீர்ந்துபோனாலும் "நாளைக்கு வரும்" என்றுதான் சொல்ல வேண்டும், கடையில் 'இல்லை' என்ற சொல்லே வரக்கூடாது என்று எங்களை வைகிற மனுஷன்!

கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன். எப்படிப் பாடினேனோ தெரியாது. அனுப்பிவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பதில் வந்தது. "இதுதான் தங்கச்சி! இத அப்படியே போட்டுருவோம்."

படியில் உருளாத குறையாக ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "சந்தோசம்மா, நல்லா இரு" என்றார். கண் கலங்கின மாதிரி இருந்தது. கல்லாவை ஒரு தடவை திறந்து மூடினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப செல்லசாமிக்கு ஒரு போன் கோல் எடுத்து, கம்பளி வந்துருச்சுன்னு சொல்லிரட்டுமா?"