நான் சுற்றிவிட்ட தலைத்துணி

மெர்ஸூகா

ஸுஹூருக்கு, இறைவனின் அமைதி உன்மேல் இருக்கட்டும். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று இருட்டியபின் மணல்மேடுகளில் நாலு சக்கர குவாட் பைக் ஓட்ட மெக்னெஸ் நகரிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். வழக்கம்போல் என் முகத்தை மூடிக்கொண்டு, அவர்களுக்கும் நான்தான் தலைத்துணி சுற்றிவிட்டேன். அந்தப் பெண் பேசியதும் என் கை நின்றுவிட்டது. நம் மகள் விஸால்.

"பயமா இருக்கா?" என்று கணவன் சீண்டினான்.

"எங்கப்பா உயிரோட இருந்திருந்தா இதுல ஏறவே விட்டிருக்க மாட்டார்."

அவள் வண்டி விளக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி என் வண்டியில் வழிகாட்டி முன்னால் மெதுவாகப் போனேன். "அண்ணே, கழுதைகூட உங்கள முந்திரும்" என்று மாப்பிள்ளை கத்தினான். பத்திரமாகத் திரும்பினார்கள்.

முதுகலை படித்தவன் மணலில் வண்டி ஓட்டுவது உன் அண்ணன்களுக்கு அவமானம்தான். ஆனால் அவள் கல்யாணத்தைப் பற்றி நீயாவது எழுதியிருக்கலாம். நான் செத்துவிட்டதாக அவளிடமே சொன்னீர்களா, இல்லை அவள்தான் கணவனிடம் அப்படிச் சொல்லிக்கொள்கிறாளா?

இங்கே குளிர். என் கம்பளிச் சட்டையை அனுப்பு. அவள் காதில் மணல் போயிருக்கும், வெந்நீரில் கழுவச் சொல். யார் சொன்னார்கள் என்று சொல்லாதே.

அடுத்த கூட்டம் வந்துவிட்டது. முகத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இத்ரீஸ்