குங்குமத் தட்டில் வந்த ரிப்பன்

ஜனவரி 9, 1991, ஜெர்சி சிட்டி

ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் பின்னால், ஹீட்டர் வேலை செய்யாத அறையில் யூனியன் கூட்டம். ஈராக்கோடு போர் வேண்டாம் என்று ஒரு தீர்மானம். போர் வந்தால் அதைச் சாக்கு வைத்து எங்கள் சம்பளப் பேச்சை நிறுத்தக் கூடாது என்று இன்னொன்று. இரண்டுக்கும் கை தூக்கினேன். லேபுக்கு நான்தான் டெலிகேட், வேறு நாதி இல்லாததால். லேபில் என்னைத் தவிர நம்ம ஊர் ஆட்கள் ஒன்பது பேர். யூனியன் வாங்கிக் கொடுத்த லீவு இனிக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் குழந்தைக்குக் காய்ச்சல். எட்டு வீட்டுக் குழந்தைக்கும் ஒரே நாளில் காய்ச்சல்!

வந்தது எழிலரசி மட்டும். விசாவில் வந்து பத்து மாதம்தான் ஆகிறது. “கை தூக்கலாமாக்கா? ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றாள்.

“தூக்கு. நான் இருக்கேன்ல” என்றேன்.

ஜனவரி 16

பாக்தாதில் குண்டு. இவர் காபியை ஆற்றிக்கொண்டே கிரிக்கெட் மாதிரி டிவி பார்க்கிறார்.

ஜனவரி 18

லேப் மேனேஜர் சந்தானம் பெட்டி நிறைய மஞ்சள் ரிப்பனோடு வந்தார். போருக்குப் போன பையன்களுக்கு ஆதரவு என்று எல்லாரும் வெள்ளைக் கோட்டில் குத்திக்கொள்ள வேண்டுமாம். கூடவே ஒரு நோட்டீஸ்: நாடு போரில் இருக்கும்போது சம்பளம் கேட்பது அழகல்ல, ரிப்பன் அணிந்தவர்கள் பேச்சுவார்த்தையைத் தள்ளிவைக்கச் சம்மதித்தவர்கள். ஆஹா, என்ன மூளை! எங்கோ பையன்கள் சாகிறார்கள், இவர்களுக்கு அதில் நாங்கள் கேட்ட நாலு பர்சென்ட் சம்பள உயர்வு மிச்சம்.

யாரும் குத்தாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். எட்டுப் பேரும் குத்திக்கொண்டார்கள். நஞ்சுண்டன் இரண்டு குத்தியிருந்தான். ஒன்று விழுந்துவிட்டால்? த்தூ.

எழிலரசி குத்தவில்லை. சந்தானம் நேராக வந்து கேட்டார். “என் தம்பி வயசுப் பசங்க சார், ரெண்டு பக்கமும். என்னால முடியாது” என்றாள். நோட்டுப் புத்தகத்தில் அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

ஜனவரி 20, ஞாயிறு

எடிசனில் சந்தானம் வீட்டில் பொங்கல் விருந்து. நான் வரவில்லை என்றேன். “கிரீன் கார்டு வந்ததும் கொம்பு முளைச்சிருச்சா? கம்முனு கிளம்பு” என்றார் இவர். கிளம்பினேன்.

நஞ்சுண்டன் அமெரிக்க ராணுவத்தைப் பற்றி லெக்சர் கொடுத்தான், வாயில் வடையோடு. எழிலரசியைக் கூப்பிடவில்லை. வாசலில் விடைபெறும்போது சந்தானத்தின் பெண்டாட்டி ஷ்யாமளா மாமி தட்டை நீட்டினாள். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, வாழைப்பழம், ஓரத்தில் பின் குத்தின மஞ்சள் ரிப்பன். “எடுத்துக்கோ கலாவதி. மங்களகரமான கலர்.”

குங்குமத்தை எடுத்தேன். ரிப்பனை மட்டும் எப்படி விடுவது? சுமங்கலி தட்டாயிற்றே. மாமியே என் புடவைத் தலைப்பில் குத்திவிட்டாள். யாரோ போட்டோ எடுத்தார்கள். சிரித்தேன் வேறு. காரில் ஏறியதும் கழற்றி எறிந்துவிட்டேன். ஒரு நிமிஷ விஷயம்.

ஜனவரி 23

எழிலரசியை சஸ்பெண்ட் பண்ணிவிட்டார்கள். மேலதிகாரி சொல்லை மீறினாளாம். முப்பதாம் தேதி விசாரணை. வேலை போனால் விசாவும் போகும், அவள் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். போனில் அழவில்லை. “நீங்க இருக்கீங்கல்லக்கா” என்றாள்.

ஜனவரி 28

நோட்டீஸ் போர்டில் என் போட்டோ. புடவை, ரிப்பன், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. கீழே: ‘யூனியன் டெலிகேட்டும் நம்மோடு.’ விசாரணையிலும் இதைத்தான் காட்டப் போகிறார்களாம். டெலிகேட்டே மனசாரக் குத்திக்கொண்டாள், இந்தப் பெண்ணுக்கு மட்டும் என்ன திமிர் என்று.

எழிலரசியைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

நஞ்சுண்டன் இரண்டு குத்தினான் என்று சிரித்தேனே. அவன் பயந்தாங்கொள்ளி என்று அவனே ஒப்புக்கொள்வான். நான்? ஊரையே காறித் துப்பிவிட்டு, ஒரு தட்டைப் பார்த்ததும் குனிந்தேன். சீ, என்ன ஜென்மம்டி நீ.

ஜனவரி 30

“வாயைத் திறக்காதே, சந்தானம் நெனச்சா நம்மள ஒரு வழி பண்ணிருவாரு” என்று இவர் வாசல் வரை வந்து சொன்னார். பாதி தோசையில் எழுந்து வந்திருந்தார், பாவம்.

விசாரணையில் பர்சனெல் ஆபீஸ் வெள்ளைக்கார அம்மாள் போட்டோவைக் காட்டி, இது நீதானே என்றாள். நான்தான் என்றேன். ரிப்பன் குங்குமத் தட்டில் வந்தது என்றேன். குங்குமம் என்றால் என்ன என்று கேட்டாள். “மிஸ்டர் சந்தானமே சொல்லட்டும், அவர் வீட்டுத் தட்டு” என்றேன்.

அவருக்குப் பண்பாட்டை விளக்குவதென்றால் கொள்ளை ஆசை. கல்யாணமான பெண்களுக்கு அது எவ்வளவு புனிதம், எங்கள் பெண்கள் யாரும் அதை மறுக்கவே மாட்டார்கள் என்று நீட்டி முழக்கினார். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். “மறுக்க முடியாததை நீட்டிவிட்டு, சம்மதித்தாள் என்கிறீர்களா?”

சந்தானம் டையைச் சரி செய்துகொண்டார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. குங்குமத்தைவிட மேனேஜர் பெண்டாட்டியைப் பார்த்துத்தான் எனக்குப் பயம், இந்தப் பெண்ணுக்கு அந்தப் பயம் இல்லை, அதுதான் அவள் குற்றம் என்றேன். எழிலரசி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 4

எழிலரசி வேலைக்குத் திரும்பினாள். போன நாட்களுக்கும் சம்பளம் உண்டு. ரிப்பனைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று யூனியன் எழுதி வாங்கிவிட்டது. பேச்சு மறுபடி ஆரம்பம். எட்டுப் பேரும் என் கையைக் குலுக்கினார்கள், ரிப்பன் குத்தின கோட்டோடேயே.

பிப்ரவரி 28

போர் முடிந்ததாம். லேபில் கேக்.

ஏப்ரல் 17

ஞாயிற்றுக்கிழமை வருஷப் பிறப்பு விருந்துக்குச் சந்தானம் வீட்டில் எங்களைக் கூப்பிடவில்லை. இவர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்று டெலிகேட் தேர்தல். நான் நிற்கவில்லை. எழிலரசியின் பெயரை நான்தான் சொன்னேன். யார் ஆதரவு என்று கேட்டதும் முதலில் கை தூக்கினேன். எட்டுப் பேரில் மூன்று பேர் வந்திருந்தார்கள். நான் தூக்கிய பிறகு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவர்களும் தூக்கினார்கள்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது எழிலரசி பக்கத்தில் வந்தாள். முன்பெல்லாம் வாய்க்கு வாய் அக்கா.

“தேங்க்ஸ், மேடம்” என்றாள்.