எடுத்து வைத்த கடை

ஆடி மாதம், வியாழன் இரவு.

அப்பா ஒரகடத்தில் மளிகைக் கடை போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் ‘கடையை மூடு’ என்று யாரும் சொன்னதில்லை. அது ஆகாத சொல். ராத்திரி ஷட்டரை இறக்குவதற்குக்கூட ‘எடுத்து வை’ என்றுதான் சொல்வோம்.

அந்தக் கடையைப் பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்கு விற்றபோது எனக்கும் அங்கே வேலை கொடுத்தார்கள். இன்று இந்த வட்டாரக் கிளைகளுக்கெல்லாம் நான்தான் மேலாளர். நஷ்டத்தில் ஓடும் ஒரு கிளையை மூடிவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதியதும் நான்தான். அது அப்பாவின் கடை.

இன்று உத்தரவு வந்துவிட்டது. சாயங்காலம் அதைச் சொல்லத்தான் போனேன். அப்பா காலத்திலிருந்தே கல்லாவில் இருக்கும் மல்லிகாக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. பழக்கதோஷம், “எடுத்து வெச்சிடலாங்கா” என்றேன்.

“இன்னாம்மா, இவ்ளோ சீக்கிரமாவா?” என்று சிரித்தார். “சரி, நீயும் டயர்டா கீற. நாளைக்கு ஆடி வெள்ளி. கூழுக்குக் கேவுரு மாவு கேட்டுகினு கூட்டம் வரும். நான் காத்தாலயே வந்து தொறந்துடறேன்.”

தலையாட்டினேன். கோழை. புதுப் பூட்டு என் கைப்பையிலேயே இருந்தது. அவர் பஸ் ஏறும்வரை காத்திருந்து, அதை நானே மாட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்திருந்தார். கடையை விற்ற பிறகும் தினமும் கேட்பதைத்தான் இன்றும் கேட்டார்.

“கடை எடுத்து வெச்சாச்சா?”

“ஆச்சுப்பா.”