நான் போட்ட வாய்ஸ்

ஜூன் 11, செவ்வாய்

அங்கன்வாடிக்கு இன்று பதினோரு பிள்ளைகள்தான் வந்தார்கள். பருப்பு வேகாமல் உயிரை வாங்கிவிட்டது. சாயங்காலம் கரையில் அந்த ஆளைப் பார்த்தேன். ஐஸ் ஷெட்டுக்கு அசாமிலிருந்து வேலைக்கு வந்தவன். இடுங்கின கண், தோளில் ஒரு சாக்கு. வலை உதறுகிற இடத்தில் குந்திக்கொண்டு பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தான். என் மகள் எஸ்தரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்! இழுத்து வந்து முதுகில் ஒன்று வைத்தேன். ஏழு வயசாகிறது, அறிவு வேண்டாம்?

ஜூன் 12

இன்றும் வந்தான். சாக்கில் ஏதோ கனமாக இருந்தது. எஸ்தரைக் கேட்டால், "அவரு நத்த வாங்குறாரும்மா" என்கிறாள். வலையில் சிக்குகிற நத்தையை நாங்கள் காலால் எத்தித் தள்ளுகிறோம். குப்பைக்கு எவனாவது மிட்டாய் கொடுப்பானா? பிள்ளைக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறான்.

வீட்டுக்காரர் சாம்சனிடம் சொன்னேன். "வேல செய்ய வந்தவன்மே, உடு" என்றார். இவருக்கு எல்லாமே உடுதான். அந்த அசாம்காரன் முகத்தில் கோபமா சிரிப்பா, ஒன்றும் தெரிவதில்லை. ஷெட்டில் எட்டுப் பேரும் ஒரே அச்சு. நாளைக்கு ஏதாவது ஆனால் எவன் என்று கையைக் காட்டுவது?

ஜூன் 13

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டேன். "தோணிரேவு அங்கன்வாடி பிலோமினா டீச்சர் பேசுறேன். சின்னக் கண்ணு வச்ச வடக்கத்தி ஆளு சாக்கு தூக்கிக்கினு சுத்துறான். புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுக்கிறான். வெளிய உடாதீங்க."

பிள்ளை பிடிக்கிறவன் என்று நான் சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் பழவேற்காடு பஜாரிலிருந்து போன், பொன்னேரியிலிருந்து தம்பி போன். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஜூன் 14, வெள்ளி

அடிச்சிட்டாங்க.

ஜூன் 15

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மசாலா வாங்க பஜாருக்குப் போனவனை முப்பது நாற்பது பேர் வளைத்துக்கொண்டார்களாம். "டீச்சரே சொல்லிட்டாங்கடா" என்று ஒருத்தன் கத்தினானாம். டீச்சர் — நான்தான். கட்டையால் அடித்திருக்கிறார்கள். சாக்கைக் கொட்டினால் நத்தை. அத்தனையும் நத்தை. அதற்குப் பிறகும் ரெண்டு பேர் உதைத்தார்களாம். நத்தன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குடா உதைச்சீங்க, பாவிங்களா? ஐயோ, நான் யாரைக் கேட்கிறேன்?

பக்கத்து வீட்டு ராஜாத்தி பின்வாசல் வழியாக வந்தாள். "வாய்ஸ் யாரு போட்டதுன்னு போலீஸ் கேக்குது. அழிச்சிடு டீச்சரு."

அழித்தேன். ஆண்டவரே, அவன் பிழைக்கணும். இது அவனுக்காக வேண்டினதா, எனக்காகவா?

ஜூன் 16, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஐஸ் ஷெட் முதலாளி கௌஸ் மைதீன் பாய் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பேரு பிபுல். எடது கை ரெண்டு எடத்துல ஒடஞ்சிக்கிது, உசுருக்கு ஒண்ணும் இல்ல. நமக்கு எறா மாதிரிம்மா அவங்களுக்கு நத்த. எட்டுப் பேரும் சேர்ந்து ஆக்கித் துன்னுவாங்க. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே டீச்சர்?"

கேட்டிருக்கலாம். ஷெட் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

ஜூன் 17

ஸ்டேஷனில் வாய்ஸ் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். சாம்சன் கூடவே நின்றார். வேலை போகலாம் என்கிறார்கள். போகட்டும்.

குரூப்பில் மறுபடியும் பேசினேன். நான் சொன்னது தப்பு, அந்த மனுஷன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. அதை ஒருத்தரும் வேறு எங்கும் அனுப்பவில்லை. ராஜாத்தி மட்டும், "இன்னாத்துக்கு டீச்சரு உனக்கு இந்த வம்பு?" என்று கேட்டாள்.

ஜூலை 20, சனி

பிபுல் ஷெட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று பாய் சொன்னார். நேரில் மன்னிப்புக் கேட்க எஸ்தரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் முன்னால் ஓடினாள். வாசலில் ஐஸ் தண்ணீர். வழுக்கி அவர் காலடியிலேயே குப்புற விழுந்தாள். முழங்காலில் ரத்தம், ஒரே அலறல்.

தூக்கத்தான் குனிந்தார். பாதியில் என்னைப் பார்த்துவிட்டார். உடனே நிமிர்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, சுவரில் முதுகு இடிக்கும் வரை பின்னால் போனார். இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. பிள்ளை அழுதுகொண்டு கிடக்கிறாள். நான் ஓடிப்போய் அவளைத் தூக்கும் வரை அவர் கையை இறக்கவில்லை.