அப்பா எழுத வேண்டிய வரி

சனி, ஜூலை 5

காலையிலிருந்து தூறல். பண்டார் தெங்காரா மண்டபத்தில் நான்காவது வாசிப்புச் சனி. புத்தகம் 34, பிள்ளைகள் 11, மின்விசிறி ஒன்று, அதுவும் முனகல்.

விதி பழையதுதான். பிள்ளை புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அம்மாவோ அப்பாவோ கூட உட்கார்ந்து படித்து, நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். பெரியவர்கள் புத்தகத்தைத் தொடாத வீட்டில் பிள்ளை மட்டும் எப்படித் தொடும்? என் கட்சி அது.

திருமதி ஜெ. மண்டப வாசலில் காரை நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் நோட்டை வைத்து மூன்று வரிகள் எழுதினார். "நல்ல கதை." "நல்ல கருத்து." "நன்று." மூன்று வாரத்துக்கும் ஒரே பேனா. பார்த்தும் பார்க்காததுபோல் மகனுக்கு ஸ்டார் ஒட்டினேன்.

பிறகு கவிஷா. ஒன்பது வயது. கொண்டுபோனது முட்டை திருடும் உடும்பின் கதை. அப்பா எழுத வேண்டிய இடத்தில் இவளுடைய குண்டு எழுத்து. "உடும்பு ராத்திரியில முட்டை திருடாது. பகல்லதான் வரும். எழுதினவரு உடும்ப பாத்ததே இல்ல." வாய்த்துடுக்கு என்று தோன்றியது. எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன்.

"இது அப்பா எழுதினதா?"

புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குக் கை இல்லையா? இப்படிப் பொய்யா எழுதிட்டு வந்தா புத்தகம் கிடையாது."

உடும்புக் கதை இன்னும் பாதி இருக்கிறது என்று மெல்லச் சொன்னாள். வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

சனி, ஜூலை 12

வெயில். இடது முட்டி வலி. பிள்ளைகள் 9. கவிஷா வரவில்லை. உடும்புக் கதையை வேறு யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அருளிடம் நடந்ததைச் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "நீ என்ன போலீஸா?" என்றார். மனைவிக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். மீன் வாங்க மறந்துவிட்டது. முட்டைக் குழம்பு.

புதன், ஜூலை 16

வாங்க: வெங்காயம், செலோடேப், ஸ்டார் இரண்டு அட்டை.

மளிகைக்கடை வாசலில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி. இறங்கி வந்தவர் கவிஷாவின் அப்பா, குமார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே வந்து பேசினார்.

"அக்கா, எனக்குத் தமிழ் படிக்க வராது லா. மலாய் ஸ்கூல்ல படிச்சவன். அவ படிப்பா, நான் கேட்டுக்கிட்டே சாப்பிடுவேன். நான் சொல்றத அவ எழுதுவா. அது தப்புன்னு தெரியாது."

தப்பு இல்லை என்றேன்.

"இப்ப எதுவும் படிக்க மாட்டேங்கறா. ஸ்கூல் புக்குகூட. அப்பாவுக்குத் தெரியாதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிரும்னு பயப்படறா." கொஞ்சம் கூச்சப்பட்டு, "அந்த உடும்பு கடைசில மாட்டுச்சா, அக்கா? லோரி ஓட்டும்போதெல்லாம் அதே யோசனை."

சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் வேறு ஆள்.

வெங்காயம் வாங்காமலே திரும்பினேன். வெட்கமாக இருக்கிறது. கொடுத்தனுப்பிய புத்தகங்களில் எத்தனையை வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து படித்தார்களோ தெரியாது. நிச்சயமாகப் படித்தது ஒரு வீடு. அந்த வீட்டிலிருந்துதான் புத்தகத்தைப் பிடுங்கியிருக்கிறேன்.

சனி, ஜூலை 19

மறுபடி மழை. பிள்ளைகள் 10. நோட்டு விதியை எடுத்தாயிற்று. திருமதி ஜெ.: "அப்ப நாங்க எழுத வேணாமா? நல்லதாப் போச்சு."

பிள்ளைகளிடம் சொன்னேன்: அன்றைக்குக் கவிஷா பொய் எழுதவில்லை, ஆண்டிதான் விசாரிக்காமல் பேசிவிட்டேன். ஒரு பையன், "ஆண்டிக்கு ஸ்டார் இல்ல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பத்தரைக்கு லோரி. குமார் மட்டும் நனைந்துகொண்டு உள்ளே வந்தார்.

"இறங்க மாட்டேங்கறா, அக்கா."

உடும்புக் கதையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு குடையுடன் போனேன். லோரிக் கதவு என் தலைக்கு மேல். தட்டினேன். கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

"கவிஷா, நான் சொன்னது தப்பு. பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன். மன்னிச்சிரும்மா."

யோசித்தாள்.

"எங்கப்பாவுக்குக் கை இல்லையான்னு கேட்டீங்க. அப்பாகிட்ட சொல்லுங்க."

அவர் பின்னால்தான் நின்றார். அவரிடம் அவள் இதைச் சொல்லியிருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. திரும்பி நின்று, மழையில், அவர் கண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். ஐம்பத்து நாலு வயதில் இப்படிக் கேட்டதாக நினைவில்லை.

"பரவால்ல, அக்கா," என்றார். முகத்து மழையைத் துடைத்த பிறகுதான்.

கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒரு கை வெளியே நீண்டது. புத்தகத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டாள். குமார் சுற்றிப் போய் ஏறிக் கதவைச் சாத்தினார்.

லோரி கிளம்பவில்லை. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் வாய் அசைந்தது, அவர் அவள் பக்கம் குனிந்திருந்தார். வெளியில் ஒன்றும் கேட்கவில்லை.